இழுவைப் பட்டத்தை விங் ஆக்கலாமா? பாராமோட்டாருக்கு முன் டெல்டா வயலில் கை பழகும் முறை

போன மாசியில் திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். வண்டியின் பின்னால் பெரிய பை. பிரித்தால் 12 சதுர மீட்டர் இழுவைப் பட்டம், காற்றில் ஆளையோ வண்டியையோ இழுக்கிற கைட் என்று சொல்கிறோமே அது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் விட்டுப்போனதாம்.

“அண்ணே, பழைய பாராமோட்டார் இன்ஜின் ஒண்ணு விலைக்கு வருது. இந்தப் பட்டத்துக்கு ரெண்டு ரைசர் தைச்சு, லைனை வெட்டிக் குறைச்சுட்டா பறந்துடலாம்ல?”

பாராமோட்டார் என்றால் முதுகில் கட்டிய இன்ஜின் தள்ள, தலைக்கு மேலே விரியும் துணி இறக்கையில் தொங்கிப் பறப்பது. அந்த இறக்கைதான் விங். இன்ஜின் இல்லாமல் பறந்தால் பாராகிளைடர். ரைசர் என்பது லைன்கள் வந்து சேரும் பட்டை.

வேண்டாம் தம்பி என்றேன். ஏன் வேண்டாம் என்று அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினோம். அதற்கடுத்த இரண்டு மாதம் அதைவிடச் சின்னப் பட்டம் ஒன்றை வைத்து அவருக்குக் கை பழக்கினேன். இதே கேள்வியோடு இன்னும் சிலர் வருவதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். பட்டத்தை விங்காக மாற்ற நான் வழி சொல்லப்போவதில்லை. பட்டத்தை வைத்து விங் பிடிக்கக் கற்றுக்கொள்ளும் வழியைத்தான் சொல்கிறேன்.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்

தம்பியின் கேள்வி முட்டாள்தனமானது இல்லை. பட்டமும் பாராகிளைடரும் உடன்பிறப்புகள்தான். இரண்டு துணிகளுக்கு நடுவே அறை அறையாகத் தடுத்து, முன்பக்க வாயில் காற்றை வாங்கி உப்பிக்கொள்ளும் இறக்கையை 1960களில் உருவாக்கியவர் டொமினா ஜால்பர்ட். 1964ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1966ல் கிடைத்தது. அதிலிருந்து ஒரு கிளை பட்டமாகப் போனது. இன்னொரு கிளை பாராசூட் ஆனது. 1978ல் பிரான்சில் மியூஸி என்ற மலைக்கிராமத்தில் பாராசூட்காரர்கள் சிலர் விமானத்திலிருந்து குதிப்பதற்குப் பதிலாகச் சரிவில் ஓடி எழும்பிப் பார்த்தார்கள். பாராகிளைடிங் பரவியது அங்கிருந்துதான். பிறகு முதுகில் இன்ஜினைக் கட்டியதும் சமவெளிக்காரர்களுக்கும் வானம் கிடைத்தது. நம்மைப் போல மலையே இல்லாத ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் அறுபது வருடமாக இரண்டு கிளைகளும் வேறு வேறு வேலைக்காக வளர்ந்திருக்கின்றன. பட்டம் இழுக்கப் பிறந்தது. விங் தாங்கப் பிறந்தது.

வரப்பில் போட்ட கணக்கு

ஆள் 70 கிலோ, இன்ஜினும் ஹார்னஸும் (உடம்போடு கட்டிக்கொள்ளும் பட்டை இருக்கை) பெட்ரோலுமாக 30, விங், ஹெல்மெட், ஷூ எல்லாம் ஒரு 10. ஆக 110 கிலோ. இந்த எடைக்கு ஒரு தொடக்கநிலை விங் சுமார் 26 சதுர மீட்டர் இருக்கும். விங்கின் பின்விளிம்பை இழுக்கும் லைன்தான் பிரேக். அதை இழுக்காமல் விட்டால் மணிக்கு 37 கிலோமீட்டர் வாக்கில் பறக்கும். பிரேக்கை நன்றாக இழுத்தால் 24 வரை இறங்கும், அதற்குக் கீழே போனால் விழுந்துவிடும். எழும்புவதும் இறங்குவதும் அந்த 24ஐ ஒட்டித்தான். கொஞ்சம் எதிர்காற்று இருந்தால் காலால் ஓடிச் சமாளிக்கிற வேகம்.

இப்போது அதே 110 கிலோவை 12 சதுர மீட்டரில் தொங்கவிடுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் தூக்கும் விசை நான்கு மடங்காகும். அதைத் திருப்பிப் போட்டால், பரப்பு பாதிக்கும் கீழே குறைந்ததற்கு வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கூடவேண்டும். 37 என்பது 54 ஆகிறது. 24 என்பது 35 ஆகிறது.

மணிக்கு 35 கிலோமீட்டர் என்றால் 100 மீட்டரைப் பத்து நொடியில் ஓடுவது. முதுகில் 30 கிலோ சுமையோடு, தாள் நிற்கும் வயலில்.

“எதிர்காற்று 15 இருந்தா 20 ஓடினா போதுமே அண்ணே” என்றார் தம்பி. சரியான கேள்வி. எழும்பும்போது அந்தக் காற்று இருக்கும். இறங்கும்போதும் இருக்கும் என்று யார் உறுதி சொல்வது? சாயங்காலம் காற்று திடீரென்று அடங்குவது நம் பக்கம் தினமும் நடக்கிற காரியம்.

12 சதுர மீட்டரில் பறக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். மலைச்சரிவில் ஸ்பீட் ஃப்ளையிங் செய்கிறவர்கள் அப்படிப்பட்ட சின்ன விங்கில்தான் போகிறார்கள். ஆனால் அது மனிதச் சுமைக்கென்றே வடிவமைத்த விங். அதைப் பிடிப்பவர்களும் பெரிய விங்கில் பல வருடம் ஊறியவர்கள்.

சரி, 18 சதுர மீட்டர் பட்டம் கிடைத்தால்?

பரப்பு மட்டும் பிரச்சினை என்றால் பெரிய பட்டம் வாங்கித் தீர்த்துவிடலாம். அடுத்தது இன்னும் ஆழமானது, இதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

பட்டத்தின் மறுமுனையில் நிற்கும் நீங்கள் தரையில் ஊன்றிய முளை. உங்கள் கால் தரையைப் பிடித்திருப்பதால்தான் லைன் விறைப்பாக இருக்கிறது. பட்டம் எப்போதும் முன்னேறி முன்னேறிக் தான் பறக்கக்கூடிய பரப்பின் ஓரத்துக்குப் போகப் பார்க்கும். அப்படிப் போகிற பட்டம்தான் வண்டியை இழுக்க நல்ல பட்டம் என்று பெயர் வாங்கும். அதே குணம் தலைக்கு மேலே ஆபத்து. உங்களைத் தாண்டி முன்னால் ஓடிவிட்டால் முன்விளிம்பு மடங்கும், லைன்கள் தொய்ந்துவிடும். தரையில் நிற்கும்போது துணி மட்டும் விழும். 50 மீட்டர் உயரத்தில் துணியோடு நீங்களும் விழுவீர்கள்.

பாராகிளைடரில் ஏ, பி, சி என்று வரிசை வரிசையாக இறங்கும் லைன்கள் ஆறு ஏழு மீட்டர் நீளத்தில் ரைசரில் வந்து சேர்கின்றன. ஒவ்வொரு வரிசையின் நீளமும் சேர்ந்துதான் விங் எந்தக் கோணத்தில் காற்றைச் சந்திக்கவேண்டும் என்பதைப் பிடித்துவைக்கிறது. கீழே தொங்கும் உங்கள் எடை ஊசல் குண்டு மாதிரி. விங் முன்னால் ஓடினாலும் பின்னால் தங்கினாலும் அந்த எடை அதைத் திரும்ப இடத்துக்குக் கொண்டுவரும். நான்கு லைன் பட்டத்தில் சுமை முழுவதும் கடைசியில் இரண்டு முன் லைன்களில் வந்து முடிகிறது. 25 மீட்டர் லைனை ஏழு மீட்டராக வெட்டிக் குறைத்து ரைசரில் கட்டினால் லைன்கள் துணியைச் சந்திக்கும் கோணமெல்லாம் மாறிப்போகும்.

இன்ஜினைச் சேர்த்தால் இன்னொரு சிக்கல். ஆக்சிலேட்டரை அழுத்தியதும் உடம்பு முன்னால் தள்ளப்படும், விங் பின்னால் தங்கும், அது காற்றைச் சந்திக்கும் கோணம் கூடும். இழுவைக்காகவே கோணம் வைத்த பட்டம் அந்த நொடியில் ஸ்டால் ஆகிவிடலாம், அதாவது தூக்கும் விசையை இழந்து விழுந்துவிடலாம். ஆக்சிலேட்டரை விட்டால் தலைகீழ், பட்டம் பாய்ந்து முன்னால் போகும்.

பாராகிளைடர் விங் விற்பனைக்கு வருமுன் ஐரோப்பியத் தரமான ஈஎன் 926ன்படி சோதிக்கப்படுகிறது. முதல் பகுதியில், அது தாங்கவேண்டிய அதிகபட்ச எடையைப் போல எட்டு மடங்கு சுமையை ஏற்றிப் பார்ப்பார்கள். 110 கிலோவுக்கு 880 கிலோ. இரண்டாம் பகுதியில் வேண்டுமென்றே மடக்கி, சுழற்றி, எப்படி மீள்கிறது என்று பார்த்து ஏ முதல் டி வரை வகுப்புப் பிரிப்பார்கள். உள்ளூர்த் தையல்காரர் தைத்துத் தரும் ரைசர் எத்தனை அழகாக இருந்தாலும் இந்தச் சோதனை எதையும் பார்க்காதது.

பட்டத்தை ஹார்னஸில் மாட்டிக்கொண்டு பைக்காலோ டிராக்டராலோ இழுக்கச் சொல்லி எழும்பிப் பார்க்கிற யோசனையும் சிலருக்கு வருகிறது. கயிற்றில் கட்டிய விங் ஒருபக்கம் சாய்ந்துவிட்டால் இழுவை அதை நிமிரவிடாது, அதே பக்கம் தரையை நோக்கி அறையும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பட்டம் எதற்கு உதவும்

கைக்கு. விங் என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கை உணரவேண்டும். அந்த உணர்வு வகுப்பில் வராது. மணிக்கணக்கில் காற்றில் நின்றால்தான் வரும். பாராமோட்டாரில் கெட்டுப்போகிற புறப்பாடுகளில் பெரும்பாலானவை தரையிலேயே கெடுகின்றன: விங் கோணலாக எழும்புகிறது, ஓடுகிறவருக்கு அது தெரியவில்லை, ஆக்சிலேட்டரை அழுத்திவிடுகிறார். சின்னப் பட்டத்தில் இருபது மணி நேரம் நின்றவருக்கு அந்தக் கோணல் உள்ளங்கையில் தெரியும்.

வாங்கவேண்டியது

நான்கு லைன், இரண்டு கைப்பிடி உள்ள, அறை அறையாக உப்பும் பட்டம். அளவு இரண்டரை முதல் மூன்றரை சதுர மீட்டர். கைப்பிடிகளுக்குப் பதிலாக ஒற்றைக் கம்பைப் பிடித்து ஓட்டும் பட்டமும் நல்லதுதான், ஆனால் கைப்பிடியில்தான் மேல் முனை முன் லைனையும் கீழ் முனை பிரேக் லைனையும் பிடித்திருக்கும். பாராகிளைடர் பிரேக்குக்குக் கை பழக அதுதான் பொருத்தம்.

கைப்பிடியோடு மணிக்கட்டுப் பட்டை வருகிறதா பாருங்கள். கைட் கில்லர் என்பார்கள். கைப்பிடியை விட்டுவிட்டால் அந்தப் பட்டை பிரேக் லைனை மட்டும் பிடித்துக்கொள்ளும், பட்டம் கொடி மாதிரி படபடத்து வலுவிழந்து விழும். இது இல்லாத பட்டத்தை நான் யாருக்கும் கையில் கொடுப்பதில்லை.

ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ, முழுக்கைச் சட்டை. லைன் டைனீமா இழை, இழுவையில் தோலை அறுத்துவிடும். விரலிலோ மணிக்கட்டிலோ ஒரு சுற்றுகூடச் சுற்றாதீர்கள். நம் பிள்ளைகள் நூல் பட்டம் விட்ட பழக்கத்தில் முதலில் செய்வது அதைத்தான்.

அப்புறம் ஆடு கட்டும் இரும்பு முளை ஒன்று. தரையிறக்கிய பட்டத்தின் கைப்பிடிகளை, பிரேக் இறுகும்படி அதில் மாட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகலாம்.

எந்தப் பட்டத்தில் பட்டம் விடுவது

டெல்டாவில் வயல் காலியாக இருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும், காலியாக இருக்காது. தை, மாசியில் சம்பா தாளடி அறுத்த வயல் வெறும் தாளாகத் தெரியும். கிட்டே போய்க் குனிந்து பாருங்கள். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே ஈரத்தில் உளுந்தோ பயறோ தெளித்திருப்பார்கள், இரண்டு இலை விட்டு நிற்கும். அதில் ஓடி மிதித்தால் ஒரு குடும்பத்தின் கோடை வருமானத்தை மிதிக்கிறோம். யார் வயலாக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் இறங்கவேண்டும்.

நல்ல காலம் உளுந்து பிடுங்கிய பிறகு. பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி வரை. வழக்கப்படி மேட்டூர் திறக்கும் ஜூன் 12க்குப் பிறகு தண்ணீர் வந்து குறுவைக்கு நாற்றங்கால் போடத் தொடங்கிவிட்டால் மறுபடி தை வரை வயலில் இடமில்லை. கோடை உழவு ஓட்டிய வயல் வேண்டாம், கட்டியில் கால் பிசகும். களிமண் வயலாக இருந்தால் வெடிப்புகளைப் பாருங்கள். பாளம் பாளமாக வெடித்த இடத்தில் பின்னால் நடக்கும்போது கால் உள்ளே போனால் கணுக்கால் திரும்பிவிடும். அறுப்பு இயந்திரத்தின் தடம் காய்ந்து கிடந்தாலும் அதே கதைதான். ஊர்த்திடல், மேய்ச்சல் தரிசு கிடைத்தால் இன்னும் நல்லது.

எவ்வளவு இடம்? லைன் 25 மீட்டர். காற்று போகும் பக்கம் குறைந்தது 100 மீட்டருக்கு மின்கம்பி, சாலை, மரம், வீடு, வாய்க்கால் எதுவும் இருக்கக்கூடாது. ஒரு மா வயல் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 36 மீட்டர்தான், போதவே போதாது. அரை வேலி, அதாவது பத்து மா ஒரே பரப்பாக இருந்தால் பக்கத்துக்கு 116 மீட்டர் வரும். அதன் காற்று வரும் ஓரத்தில் நின்றால் கணக்கு சரியாக இருக்கும். நடுவிலுள்ள வரப்புகள் தாழ்ந்திருந்தால் பரவாயில்லை.

பம்ப்செட்டுக்குப் போகும் மின்கம்பிதான் என்னுடைய பெரிய பயம். வயல் நடுவே தொய்ந்து போகும், வெயிலில் கண்ணுக்கே தெரியாது. முதல் நாள் பட்டத்தைப் பையிலிருந்து எடுக்காமல் நான்கு பக்கமும் நடந்து கம்பங்களை எண்ணிவிட்டு வாருங்கள். பட்டம் கம்பியில் சிக்கினால் லைனைத் தொடாமல் விலகி, மின்வாரியத்துக்குச் சொல்லி அவர்கள் வந்து எடுக்கும்வரை காத்திருங்கள்.

கடற்கரை எல்லாருக்கும் ஆசை. நாகை முதல் வேதாரண்யம் வரை கடற்காற்று சீராக வரும், உண்மைதான். ஆனால் அது கடலிலிருந்து கரைக்கு வருவதால் பட்டம் நிற்பது கரைப்பக்கம், அங்கே சவுக்குத் தோப்பும் படகும் காயும் வலையும் இருக்கும். வேளாங்கண்ணியில் கூட்டம். கோடியக்கரை சரணாலயம், பறவைகள் இறங்குகிற இடம், அங்கே வேண்டவே வேண்டாம்.

வானம் யாருடையது என்பதையும் பார்க்கவேண்டும். 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டமே விமானம் என்ற சொல்லுக்குள் பட்டத்தையும் சேர்த்துத்தான் எழுதியிருந்தது. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 முதல் சுகோய்-30 போர்விமான அணி ஒன்று அங்கிருந்து இயங்குகிறது. திருச்சியில் பன்னாட்டு விமான நிலையம். இவற்றின் பக்கம் பட்டத்தைக்கூட எடுக்காதீர்கள். பாராமோட்டாரில் எழும்ப முறையான அனுமதி வேண்டும், தன் சொந்த வயலிலிருந்து எழும்பினாலும்.

காற்றைப் பார்ப்பது

கையடக்கக் காற்றுமானி வாங்குங்கள். அது வரும்வரை தென்னை இருக்கிறது. கீற்றின் நுனி மட்டும் அசைந்தால் பட்டம் எழும்பத் திணறும். கீற்று முழுதும் நிதானமாக ஆடினால் நல்ல நேரம். கீற்றெல்லாம் ஒரே பக்கம் தலைமுடி மாதிரிப் படிந்து நின்றால் பையைக் கட்டிவிடுங்கள்.

எண்ணாகச் சொன்னால், மூன்று சதுர மீட்டருக்கு மணிக்கு 10 முதல் 18 கிலோமீட்டர். ஒரு நிமிடத்துக்குள் அதன் தாழ்வுக்கும் உச்சத்துக்கும் 8க்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றைக்குப் பயிற்சி இல்லை.

காரணம் இது. 15 கிலோமீட்டர் காற்றில் பட்டம் 30ல் குறுக்கே பாய்ந்தால் துணி உணரும் காற்று ஏறத்தாழ 33. மூன்று சதுர மீட்டர் அப்போது சுமார் 13 கிலோ இழுக்கும். காற்று 25 ஆகி, பாய்ச்சலும் அதே விகிதத்தில் கூடினால் இழுவை 35 கிலோவைத் தொடும். தம்பி கொண்டுவந்த 12 சதுர மீட்டர் அதே காற்றில் 140 கிலோ. ஆளை அப்படியே தூக்கிப்போகும். கைட் விளையாட்டில் இப்படித் தூக்கப்பட்டு உயிர்கள் போயிருக்கின்றன.

எங்கள் பக்கம் பங்குனி, சித்திரையில் காலையில் காற்றே இருக்காது. பதினொரு மணிக்கு மேல் வெயில் காற்று தாறுமாறாகக் கிளம்பும், தரிசில் சுழற்காற்று வைக்கோலைச் சுற்றித் தூக்கும், அந்த நேரம் பட்டம் பையில் இருக்கட்டும். கிழக்கிலிருந்து கொண்டல் வந்து நிலைத்த பிறகு, நாலு மணியிலிருந்து பொழுது சாயும்வரை அருமையான நேரம். ஆனி, ஆடி மேல்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், அதில் கற்றுக்கொள்ள வராதீர்கள். கோடை இடி தூரத்தில் கேட்டாலே நிறுத்திவிடவேண்டும். மழைக்கு முன் வரும் முதல் வீச்சு எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்லமுடியாது.

காற்று வரும் பக்கம் தென்னந்தோப்பு இருந்தால் மரத்தின் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தள்ளி நில்லுங்கள். 15 மீட்டர் மரத்துக்கு 150 மீட்டர். அதற்குள் காற்று சுருண்டு சுருண்டு வரும்.

விரிப்பது

காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் முன்னால் தெரிகிற வயல்தான் பட்டம் கிடக்கவேண்டிய இடம். பட்டத்தின் முதுகு தரையில், லைன் பக்கம் வானத்தைப் பார்த்து. காற்று வாங்கும் முன்விளிம்பு உங்களுக்கு எதிர்க்கோடியில், பின்விளிம்பு உங்கள் பக்கம். பின்விளிம்பின் மேல் நாலைந்து மண்கட்டி வைத்தால் புரளாது. கல் வேண்டாம், துணி கிழியும். சீமைக்கருவை முள்ளைத் துணிக்கு முன் நீங்கள் கண்டுபிடித்துவிடவேண்டும், அதனால் விரிக்கும் இடத்தை ஒருமுறை காலால் தடவி நடந்துவிடுங்கள்.

லைன்களை நீட்டிக்கொண்டே வாருங்கள். நான்கு முனைகளையும் முளையில் மாட்டி இழுத்துப் பாருங்கள். முன் லைன் இரண்டும் ஒரே நீளமா? பழைய பட்டத்தில் சுமை தாங்கும் முன் லைன்கள் நீண்டுபோயிருக்கும், பிரேக் தானாக இறுகிவிடும். பட்டம் எழும்பாமல் பின்னாலேயே நகர்ந்தால் பத்தில் ஒன்பது முறை காரணம் இதுதான். பிரேக் லைனை ஒரு முடிச்சு தள்ளிப் போட்டால் சரியாகும்.

பிள்ளைகள் கூடிவிடுவார்கள். எல்லாரையும் உங்கள் முதுகுப் பக்கம், காற்று வரும் பக்கம் உட்காரவையுங்கள். உங்களுக்கும் பட்டத்துக்கும் நடுவே ஒருவரும் இருக்கக்கூடாது, ஆடுமாடும் கூடாது.

முதல் பாடம், விடுவது

எழுப்புவதற்கு முன் விடக் கற்றுக்கொள்ளுங்கள். இதை நான் உடம்பில் வாங்கிக் கற்றேன். பழகத் தொடங்கிய முதல் வருடம், ஒரு வீச்சு வந்து பட்டம் இடதுபக்கம் பாய்ந்தது. விட்டுவிடவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பயத்தில் கை இறுகுமே தவிர விரியாது. பத்து மீட்டர் தாளில் இழுபட்டேன், நெஞ்சு முழுக்கக் கீறல். விடுவது அறிவால் வருகிற காரியம் இல்லை, பழக்கத்தால் வருவது.

அதனால் மெல்லிய காற்றில் பட்டத்தை எழுப்பி, உடனே கைப்பிடி இரண்டையும் விடுங்கள். பட்டை பிரேக்கைப் பிடித்து, பட்டம் துவண்டு விழும். மறுபடி விரித்து மறுபடி விடுங்கள். முதல் நாள் முழுக்க இதுவே இருந்தாலும் சரி. பக்கத்தில் நிற்பவர் எதிர்பாராமல் “விடு” என்றதும் கை திறக்கவேண்டும். அது நடக்கும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

எழுப்பி நிறுத்துவது

கைப்பிடியின் மேல்முனையை உங்கள் பக்கம் சாய்த்து, பிரேக்கைத் தளரவிட்டு, இரண்டடி பின்னால் வையுங்கள். முன்விளிம்பு தூக்கிக் காற்றை வாங்கும், மண்கட்டிகள் உருண்டு விழும், பட்டம் உங்கள் தலைக்கு நேர்மேல் ஏறும். ஏறும்போது நடுவில் பலமாக இழுக்கும், உச்சியில் இழுவை குறையும். நடுப்பகுதிதான் வலுவான இடம். ஓரங்களும் உச்சியும் ஓய்வான இடம். எப்போதும் ஓரமாக ஏற்றி ஓரமாக இறக்கப் பழகினால் தோள் பிழைக்கும்.

உச்சியில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். இது சுலபம் என்று தோன்றும், வராது. கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். திருத்தம் சின்னதாகச் சின்னதாகக் குறைந்து, பார்க்கிறவருக்குக் கை அசைவதே தெரியாத நிலை வரவேண்டும். ஒரு நிமிடம் ஐந்து நிமிடமாகட்டும்.

பிறகு கடிகார முள் மாதிரி 11க்கும் 1க்கும் நடுவே. அது வந்தபின் 10க்கும் 2க்கும்.

அடுத்ததுதான் விங்குக்குப் போகிறவருக்கு முக்கியம். பட்டக்காரர்கள் கைப்பிடி முழுவதையும் இழுத்துத் திருப்புவார்கள். நீங்கள் அப்படித் திருப்பாதீர்கள். மேல்முனைகளை அசையாமல் வைத்து, மணிக்கட்டைச் சாய்த்துக் கீழ்முனையால், அதாவது பிரேக்கால் மட்டும் திருப்புங்கள். திருப்பம் மெதுவாக, பின்விளிம்பு வளைந்து வரும். பாராகிளைடர் திரும்புவது அப்படித்தான். இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாக இழுத்து, பட்டம் தயங்கி, பின்னால் சரியத் தொடங்கும் அந்தப் புள்ளியைத் தேடுங்கள். லைனில் விறைப்பு குறைந்து கை லேசாகும். ஸ்டால் வருமுன் கை சொல்லும் செய்தி அது. நூறு தடவை அதைக் கேளுங்கள்.

கடைசியாக, பட்டத்தைப் பார்க்காமல் அடிவானத்தைப் பார்த்து நில்லுங்கள். எந்தக் கை கனக்கிறதோ பட்டம் அதற்கேற்ப எங்கே போகிறது என்று சொல்லிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து சரிபாருங்கள். எனக்கு இது பிடிபட ஒரு கோடை முழுக்க ஆனது. தம்பிக்கு மூன்றே வாரம்.

பட்டத்திலிருந்து பழைய விங்குக்கு

பறக்கும் தகுதி முடிந்த பழைய பாராகிளைடர் விங் ஒன்றைத் தேடுங்கள், பறக்கிறவர்களிடம் சும்மாவே கிடக்கும். வந்ததும் அதன் பையிலும் துணியிலும் அழியாத மையில் ‘பறக்கக்கூடாது’ என்று எழுதுங்கள். உங்களுக்குப் பிறகு யார் கைக்குப் போகும் என்று தெரியாது.

காற்று 8 முதல் 15. ஹார்னஸ் உண்டு, இன்ஜின் இல்லை. விரிக்கும் விதம் பட்டத்தைப்போலத்தான். விங்கைப் பார்த்து நின்று, முன்வரிசை லைன்கள் சேரும் ஏ ரைசர்களால் எழுப்பி, தலைக்கு மேல் வந்ததும் பிரேக்கால் நிறுத்துங்கள். அடக்கவேண்டும் என்றால் பின் ரைசர்களை இழுத்துக்கொண்டே விங்கை நோக்கி ஓடுங்கள். எதிர்த்து நின்றால் இழுபடுவீர்கள்.

இங்கே பட்டப் பழக்கம் ஒன்றை மறக்கவேண்டும். பட்டத்தில் நீங்கள் நிற்கிறீர்கள், பட்டம் போகிறது. விங் இடதுபக்கம் சாய்ந்தால் நீங்களும் இடதுபக்கம் போய் அதன் அடியில் நிற்கவேண்டும், பிரேக் அதற்குப் பிறகுதான். லைன் ஏழு மீட்டர்தான் என்பதால் எல்லாம் மூன்று மடங்கு வேகமாக நடக்கும். பட்டத்தில் நன்றாகப் பழகியவர்கள் முதல் இரண்டு நாள் நின்ற இடத்திலேயே கையால் இழுத்துச் சண்டை போடுவார்கள், விங் விழுந்துகொண்டே இருக்கும். மூன்றாம் நாள் கால் நகரத் தொடங்கும்.

விங்கைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு வயலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்க வந்தபின், நிற்கும் நிலையிலிருந்து திரும்பி முன்னோக்கி ஓடப் பழகுங்கள். அதன்பின் 25 கிலோ எடையை முதுகில் சுமந்து அதையே செய்யுங்கள். மண்பையைக் கட்டினாலும் போதும். இன்ஜின் ஓடவே கூடாது, சுழலும் புரோபெல்லருக்குப் பக்கத்தில் தவறு செய்து கற்க முடியாது.

இதற்குமேல் தனியாகப் போகாதீர்கள். பயிற்றுநர் ரேடியோவில் இருக்க, சான்று பெற்ற விங்கில், அவர் சொல்லும் நாளில்தான் கால் தரையை விடவேண்டும். புனே அருகே காம்ஷெட்டில் பாராகிளைடிங் பள்ளிகள் இருக்கின்றன. முதலில் இன்ஜின் இல்லாமல் மலையில் கற்று, பிறகு பாராமோட்டாருக்கு வருவது என் அபிப்பிராயத்தில் நல்ல வழி.

வைத்துக்காப்பது

வெயில் நைலானைத் தின்னும். பழகாத நேரத்தில் பட்டத்தை விரித்துப் போடாதீர்கள். கடற்கரையில் பழகினால் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வாயில் புகுந்த மண்ணையும் வைக்கோல் தூசியையும் உதறிவிட்டு மடியுங்கள். நெல் மூட்டை, உளுந்து மூட்டை இருக்கும் அறையில் வைக்கவே கூடாது. எலி மூட்டைக்கு வந்து துணியில் கூடு கட்டிவிடும்.

தம்பி இந்தக் கோடையில் பழைய விங்கோடு வயலில் நாற்பது மணி நேரம் நின்றிருக்கிறார். தண்ணீர் வந்துவிட்டதால் இப்போது வேலை நடவில். மழைக்காலம் முடிந்ததும் காம்ஷெட்டுக்குப் போகப் பணம் சேர்க்கிறார். அந்த 12 சதுர மீட்டர் பட்டம் அவர் வீட்டுப் பரணில் எலிக்கு எட்டாத உயரத்தில் தொங்குகிறது.